சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

மாசி பிறந்தும் பனி விடவில்லை. கரட்டுக்கொட்டாயில் பொழுது விடிகிறபோது முதலில் புகை எழுவது மாதப்பன் வீட்டு முற்றத்தில்தான்.

பாப்பாரப்பட்டியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் வந்து மண்சாலையில் திரும்பினால், கரட்டின் அடியில் பதினேழு வீடுகள். அவ்வளவுதான் கொட்டாய். வீட்டுக்கு வீடு இரண்டு மாடு, கொஞ்சம் மேட்டு நிலம், கேழ்வரகு, துவரை, வரப்போரத்தில் புளியமரம். மாதப்பன் மூன்று கல் கூட்டி, பெரிய அலுமினியக் குண்டானை ஏற்றி, ஒரு குடம் போர்வெல் தண்ணீரை ஊற்றுவார். புளியம் ஓட்டையும் காய்ந்த மாங்குச்சியையும் போட்டு எரிப்பார். கொதி வந்ததும் இறக்குகிறவர் இல்லை. குந்தி உட்கார்ந்து, தீயைத் தள்ளித் தள்ளி, ஒரு குடம் மூன்று சொம்பாகச் சுண்டுகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். கடைசியில் கொஞ்சம் சீரகம், நாலு துளசி இலை. வெள்ளைத் துணியில் வடிகட்டி, மூடி, மூடியின்மேல் கையை வைத்து ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்வார். முனியப்பன் சாமியிடம் அவர் என்ன கேட்கிறார் என்பது கொட்டாய்க்கே தெரியும்.

எல்லாம் அவர் மனைவி ஜானகியம்மாளுக்காக.

“எழுந்திரு புள்ள. சூடா ரெண்டு மடக்கு குடி. எலும்பு எளகும்.”

எழுந்திருப்பதே ஜானகியம்மாளுக்கு ஒரு வேலை. முதலில் ஒருக்களிக்க வேண்டும். கட்டில் சட்டத்தைப் பிடித்துக் காலைத் தொங்கவிட வேண்டும். அப்புறம் அவர் தோளைப் பற்றிக்கொண்டு, பல்லைக் கடித்து, ஒரே தம்மில் நிமிர வேண்டும். வயது நாற்பத்தெட்டுதான்.

“இன்னிக்கி என்னமோ கடுக்குதுங்க தண்ணி.”

“மருந்துன்னா கடுக்கத்தான் செய்யும். மூஞ்சியச் சுளிக்காம குடி.”

பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் புளிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அறுபது தாண்டியவள். வாய் மட்டும் இருபதில் நின்றுவிட்டது.

“ஏன் தம்பி, பெங்களூருல இருபது வருசம் கட்டடம் கட்டுனியா, இல்ல ஓட்டல்ல வெந்நீர் வெச்சியா?”

“சிரிங்கக்கா, சிரிங்க. நீங்களும் இப்படிக் காச்சிக் குடிச்சா முட்டி வலி போவும். கசாயம் எப்படிக் காச்சறம்? நாலுக்கு ஒண்ணு. அதே கணக்குதான். சக்கையெல்லாம் ஆவியாப் போயிரும். சத்து மட்டும் நிக்கும்.”

“காச்சிக்கிட்டுத்தான் இருக்கறன், ஒரு மாசமா. வெறகுதான் போவுது, வலி போவல.” ஜானகியம்மாளைப் பார்த்தாள். “உன்னக் கூப்புட்டா தலையத் திருப்ப மாட்டேங்கற, முழு ஒடம்பையும் திருப்பற. பரேடு போற போலீசுக்காரி மாதிரி. ரெண்டு கொடத்தத் தலையில வெச்சி ஒண்ண இடுப்புல வெச்சி ஓடுனவ நீ. புருசன் வூட்டோட வந்ததும் படுத்துக்கிட்ட. கொடுத்து வெச்சவடி.”

மூவரும் சிரித்தார்கள். மாதப்பன் சிரித்துக்கொண்டே அடுப்புப் பக்கம் போய்விட்டார். விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் அதில் ஒரு கணக்கு சரியாக இருந்தது. அவர் வந்து நாலு வருடம். தண்ணீர் காய்ச்ச ஆரம்பித்து இரண்டு வருடம். அந்த இரண்டு வருடத்தில்தான் வலி முதுகிலிருந்து கழுத்துக்கும், கழுத்திலிருந்து காலுக்கும் போயிருந்தது.

இருபது வருடமாக அவர் வீட்டுக்கு வந்ததெல்லாம் பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும்தான். பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. இங்கே மாடு, காடு, மாமனார் மாமியாரின் கடைசிக் காலம், மகள் பாரதியின் படிப்பு எல்லாவற்றையும் ஒரு பெண்பிள்ளை தனியாகச் சுமந்தாள். பாரதி இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். ஊரோடு வந்த முதல் வாரம், மனைவி குனிந்து பால் கறக்க முடியாமல் சுவரில் சாய்ந்து நிற்பதை மாதப்பன் பார்த்தார். அன்றிலிருந்து பால் கறப்பது அவர். சாணி வாருவது அவர். களி கிண்டக்கூடக் கற்றுக்கொண்டார். கட்டி தட்டும். ஜானகியம்மாள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிடுவாள்.

ஆனாலும் புளி வேலையை அவள் விடவில்லை. மாசி, பங்குனியில் எங்கள் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் டொக்கு டொக்கென்று சத்தம் கேட்கும். ஓடு நீக்கிய புளியைக் கல்லில் வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டிக் கொட்டையைப் பிதுக்கி, நாரை உருவிப் போட வேண்டும். தரையில் உட்கார முடியாததால் அவள் மர ஸ்டூலில் உட்கார்ந்து, எதிரே இன்னொரு ஸ்டூலில் கல்லை வைத்துக்கொண்டாள். அன்றைக்கு வெயில் ஏறியபோது சுத்தியல் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்க முடியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னாடி ஆச்சு?” என்றாள் குள்ளம்மாள்.

“வெரல் மதமதன்னு இருக்குதுக்கா. புடிச்சிருக்கறனா விட்டுட்டனான்னே தெரியல.”

“போன மாசம் இது இல்லியே?”

“இல்ல. புதுசா வந்து சேந்திருக்குது. இன்னும் என்னென்ன வருமோ.”

பார்க்காத வைத்தியம் இல்லை. பொம்மிடிப் பக்கம் ஒருவர் எண்ணெய் போட்டு நீவினார். தர்மபுரியில் ஓர் எலும்பு டாக்டர், தேய்மானம், வயசு என்று சொல்லி இடுப்புக்குப் பெல்ட் கொடுத்தார். ஊசி போட்டால் நாலு நாள் நன்றாக இருக்கும். ஐந்தாம் நாள் பழைய வலி, கூடவே ஒரு புது வலியையும் கூட்டிக்கொண்டு வரும். முனியப்பனுக்குச் சேவல் நேர்ந்துவிட்டு அதையும் கொடுத்தாகிவிட்டது. ஒருநாள் ஜானகியம்மாள் கோயிலில் நின்று, “சாமி, சரி பண்ணு. இல்லன்னா என்னான்னாவது சொல்லு” என்று கேட்டாள். நோயைவிடப் பேர் தெரியாத நோய் மனிதரை அதிகம் தின்றுவிடுகிறது.

அடுத்த வாரம் மாட்டுக்கொட்டகையில் கால் மடங்கி உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மாதப்பனும் குள்ளம்மாளும் ஆளுக்கு ஒரு கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். அன்றே தர்மபுரிப் பெரிய ஆசுபத்திரிக்குப் போவது என்று முடிவாயிற்று.

பெண்களைப் பார்க்கும் அறைக்கு வெளியே மாதப்பனை நிறுத்திவிட்டார்கள். டாக்டர் நிர்மலாதேவி சின்ன வயது. காலையிலிருந்து நூறு பேரைப் பார்த்த களைப்பு முகத்தில் இருந்தது. ஆனாலும் “உக்காருங்கம்மா, மெதுவா” என்று நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டாள். அந்த ஒரு வார்த்தையிலேயே ஜானகியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“தாடைய நெஞ்சுல தொடுங்க பாக்கலாம்.”

நாலு விரல் இடைவெளியில் கழுத்து நின்றுவிட்டது.

“ரெண்டு கையையும் பின்னந்தலையில வைங்க.”

காது வரைக்கும்தான் போயிற்று. டாக்டர் ஒரு நாணயத்தைத் தரையில் போட்டு, “முட்டிய மடக்காம இத எடுங்க” என்றாள்.

“அது உங்க காசும்மா. என்னால எடுக்க முடியாது. நீங்களே வெச்சிக்கங்க.”

டாக்டர் சிரித்துவிட்டாள். பிறகு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். எலும்பு இருக்க வேண்டியதைவிட வெள்ளையாக இருந்தது.

“எந்தத் தண்ணிம்மா குடிக்கறீங்க?”

“போர் தண்ணிங்க. கல்கண்டு மாதிரி இருக்கும்.”

“ஒகேனக்கல் தண்ணி வரலியா உங்க ஊருக்கு?”

“வருதுங்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள். அது பிளீச்சிங் பவுடர் வாசன அடிக்குதுங்க. அத மாட்டுக்கு வெச்சிருவம்.”

டாக்டரின் பேனா நின்றது. “ஊருல அடிபம்புக்கு யாராவது செவப்பு பெயின்ட் அடிச்சிட்டுப் போனாங்களா?”

“பத்து வருசம் இருக்குங்க. எதுக்குன்னு தெரியல. செவப்பா அழகா இருக்குதுன்னு வெள்ளிக்கிழம சந்தனப் பொட்டு வெப்பம்.”

டாக்டர் இந்த முறை சிரிக்கவில்லை. “பிள்ளைங்க பல்லு எப்படி?”

“எம் மவளுக்குக் காவிக்கோடு விழுந்திருக்குதுங்க. கொட்டாயில பாதிப் பேருக்கு அப்படித்தான். பல்லு ஒழுங்கா வெளக்கறதில்ல.”

இரண்டு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள் டாக்டர். குழாயில் வருவது ஒன்று, குடிக்கிறது ஒன்று. மறுநாளே மாதப்பன் பாட்டில்களைச் சாம்பல் போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்தார். காய்ச்சிய தண்ணீரை ஊற்றிய பாட்டிலைத் துணியால் துடைத்து, அன்றைக்கு இரண்டு துளசி இலை கூடப் போட்டார். “பாக்கட்டும். இப்படித் தண்ணி எவன் குடுப்பான்னு அவங்களே சொல்லுவாங்க” என்றார். தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. மாதப்பன் மாத்திரை வரிசையில் நின்றிருந்தார். ஜானகியம்மாள் தனியாக டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“உங்க ஊர்ல பாறைக்கு அடியில இருந்து வர்ற தண்ணிம்மா. அதுல ஃபுளோரைடுன்னு ஒரு உப்பு இருக்குது. நாக்குக்குத் தெரியாது. அது எலும்புல போய் ஒக்காந்துக்கும். இருபது வருசமா ஒக்காந்திருக்குது. அதான் வளையல. நரம்பையும் அமுக்குது. பிள்ளைங்க பல்லுல காவிக்கோடும் இதாலதான்; குடிக்காதீங்கன்னுதான் பம்புக்குச் செவப்பு அடிச்சது.”

“காச்சித்தாங்க குடிக்கறன். எங்க வூட்டுக்காரரு ஒரு கொடத்த மூணு சொம்பா சுண்டக் காச்சித் தராரு.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள். “அம்மா, கொழம்பு சுண்டினா உப்பு என்னாகும்?”

“கரிக்கும்ங்க” என்று சொன்ன பிறகுதான் ஜானகியம்மாளுக்குப் புரிந்தது. கையிலிருந்த புடவைத் தலைப்பைச் சுருட்டினாள், விரித்தாள், மறுபடியும் சுருட்டினாள்.

“ரெண்டு வருசமா அதிகமானதுக்கு அதுவும் ஒரு காரணம்” என்றாள் டாக்டர் மெதுவாக. “இன்னியோட நிறுத்திடுங்க. குழாயில வர்ற ஒகேனக்கல் ஆத்துத் தண்ணியக் குடிங்க. வேணும்னா கொதி வந்ததும் எறக்கிடுங்க, அது போதும். கட்டன் டீ வேண்டாம். பால், தயிர், கீரை, நெல்லிக்கா சாப்பிடுங்க.”

“சரியாயிருமாம்மா?”

“இதுக்குமேல ஏறாம பாத்துக்கலாம். வலி கொறையும். பழையபடி முழுசா குனிய முடியுமான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.”

ஜானகியம்மாள் தலையாட்டினாள். பிறகு கேட்டாள்: “அவருகிட்ட சொல்லாதீங்கம்மா. நானே சொல்லிக்கறன்.”

“சொல்லித்தான் ஆகணும்.”

“சொல்லுவன். ஆனா பாத்துச் சொல்லணும். அவரு ஒடைஞ்சிருவாரு.”

டாக்டர் சீட்டில் எதையோ எழுதினாள். “பத்து நாள்தான். அடுத்த தடவ ரெண்டு பேரும் வாங்க.”

பாப்பாரப்பட்டி டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. மாதப்பன் மாத்திரைப் பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்திவிட்டுக் கேட்டார்.

“என்னா சொன்னாங்க?”

“எலும்புல ஏதோ உப்பு சேந்திருக்குதாம்.”

“உப்பா?” அவர் முகம் மலர்ந்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஒரு பெயர் கிடைத்திருக்கிறது. “அட, இவ்வளவுதானா! கொழம்புல உப்பக் கொறச்சிரலாம். ஊறுகாயே வேண்டாம். தண்ணிய இன்னும் நல்லா காச்சறன். மூணு சொம்பு என்னா, ரெண்டு சொம்பா ஆக்கிடறன். ஒடம்புல இருக்கற உப்பெல்லாம் கரைஞ்சி ஓடிரும் பாரு.”

ஜானகியம்மாள் வாயைத் திறந்தாள். பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது. அவர் சட்டென்று தன் கையை அவள் முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவில் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். அவள் வாயை மூடிக்கொண்டாள். நேரே பொய் சொல்லவில்லை, உண்மையில் பாதியைத்தான் சொன்னோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அந்தப் பாதி உண்மை மறுநாள் காலையிலேயே வேலை செய்ய ஆரம்பித்தது. தண்ணீர் இரண்டு சொம்பாயிற்று.

எட்டு நாள் இப்படிப் போயிற்று. அவர் கொடுக்கிற தண்ணீரை வாங்கிக் கட்டிலோரம் வைத்துக்கொள்வாள். அவர் பால் சொசைட்டிக்குப் போனதும் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கம் போய் வாழைமரத்தடியில் ஊற்றிவிட்டு, மாட்டுக்குப் பிடித்து வைத்த டிரம்மிலிருந்து ஒரு சொம்பு மோந்து குடிப்பாள். செவலைப் பசு அவளைப் பார்த்துக்கொண்டே அசை போடும்.

“என்னா பாக்கற? உன் தண்ணிதான். இத்தன வருசம் நல்ல தண்ணி நீதான் குடிச்ச. கொஞ்சம் எனக்கும் குடு” என்பாள்.

ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். அவர் அடுப்பின் முன்னால் கண் சிவக்க உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பாள். இருபது வருடம் அவளோடு இல்லாததை ஈடுகட்ட இந்த மனிதனுக்குக் கிடைத்தது இந்த ஒரு குண்டான் தண்ணீர்தான். அதையும் எப்படிப் பிடுங்குவது?

ஒன்பதாம் நாள் மாட்டுக்கொட்டகையில் மாதப்பன் பால் கறந்துவிட்டு எழுந்தார். கம்பத்தோரம் கொண்டுவந்து வைத்திருந்த காய்ச்சிய தண்ணீர்ச் சொம்பை எடுத்துத் துணி போட்டு மூடிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

“யாருக்குங்க அது?” என்றாள் கொட்டகையோரம் நின்றிருந்த ஜானகியம்மாள்.

“குள்ளக்கா மருமவளுக்கு. கனிமொழிக்கு அஞ்சாம் மாசம் ஆவுதில்ல? இடுப்பு வலிக்குதாம் அந்தப் புள்ளைக்கு. நேத்தும் முந்தாநாளும் குடுத்தன். ஆசையாக் குடிச்சிது.”

ஜானகியம்மாள் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒருவர் மனம் நோகக் கூடாது என்று மறைத்தது, இன்னொருத்தி வயிற்றுப் பிள்ளைவரை போய்விட்டது.

“அதக் கீழ வைங்க.”

“எதுக்கு புள்ள?”

“வைங்க. சொல்றன்.”

அவர் சொம்பைத் தரையில் வைத்தார்.

“கொழம்பு சுண்டுனா உப்பு எங்கீங்க போவும்?”

“எங்க போவும்? அதுலயேதான் நிக்கும்.”

“நம்ம போர் தண்ணியிலதான் அந்த உப்பு இருக்குதாம். நாக்குக்குத் தெரியாதாம். என் எலும்புல ஒக்காந்திருக்கறது அதுதான். காச்சக் காச்ச அதிகமாவுமாம்.”

மாதப்பன் அவளையே பார்த்தார். பிறகு முற்றத்துக்குப் போய், ஆறிக் கிடந்த குண்டானைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டினார். சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொருக்கு நகத்தில் வந்தது. அவர் கட்டட வேலை பார்த்தவர். டிரம்மில் சிமென்ட் தண்ணீர் வற்றினால் என்ன ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாராவாரம் தேங்காய் நார் போட்டுத் தேய்த்த பொருக்குதான். குண்டான் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்திருந்தார்.

“எத்தன நாளா தெரியும் உனக்கு?”

“எட்டு நாளா.”

“எட்டு நாளும் நான் காச்சறதப் பாத்துக்கிட்டே இருந்தியா?”

“பாத்துக்கிட்டுத்தான் இருந்தன். உங்க மூஞ்சியப் பாத்தா வாய் வரலீங்க. அது என் தப்புதான்.”

“ரெண்டு வருசம்” என்றார் அவர். குண்டானின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். “ரெண்டு வருசம் என் கையாலயே உனக்கு...”

“போதும், நிறுத்துங்க.” ஜானகியம்மாளின் குரல் ஏறியது. “நீங்க ரெண்டு வருசம். நான் என்னா பண்ணன் தெரியுமா? பாரதிக்குப் பல்லுல காவிக்கோடு இருக்குதுன்னு, ஒழுங்கா வெளக்கலன்னு, எத்தன நாளு வேப்பங்குச்சியாலயே அடிச்சிருக்கறன். பள்ளிக்கூடத்துல சிரிக்க மாட்டா அந்தப் புள்ள. வாயப் பொத்திக்கிட்டுத்தான் பேசுவா. அதுவும் இந்தத் தண்ணிதானாம். நான் எங்க போயி அழுவறது? தெரிஞ்சா பண்ணம் நாம?”

மாதப்பன் நகத்தில் ஒட்டியிருந்த பொருக்கைத் துண்டில் துடைத்தார். செவலைப் பசு ஒருமுறை கத்தியது. அவர் எழுந்து தோள்துண்டை உதறினார்.

“கொட்டாயில ஆறு வூட்டுக்குச் சொல்லியிருக்கறன், காச்சிக் குடிங்கன்னு.”

“கஞ்சி குடிச்சிட்டுப் போங்க.”

“வந்து குடிக்கறன்.”

முதலில் குள்ளம்மாள் வீட்டுக்குத்தான் போனார். அவள் வேப்பமரத்தடியில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். கனிமொழி நார் உருவிக்கொண்டிருந்தாள். “வா தம்பி, ஒக்காரு” என்றதற்கு அவர் உட்காரவில்லை. துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. நான் தப்பாச் சொல்லிட்டன், தெரியாமச் சொல்லிட்டன், இனிமே அந்தத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க என்றார்.

குள்ளம்மாளின் சுத்தியல் நின்றது.

“எம் மருமவளுக்குக் குடுத்தியே.”

“ரெண்டு நாளு குடுத்தன்க்கா.”

எதற்கும் ஒரு பேச்சு வைத்திருக்கிற குள்ளம்மாள் எழுந்து உள்ளே போய், காய்ச்சி வைத்திருந்த பானையைத் தூக்கிவந்து, அவர் நின்ற இடத்துக்கு முன்னால் மண்ணில் கவிழ்த்தாள். கனிமொழியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மண் தண்ணீரைக் குடித்து முடிக்கிற வரைக்கும் மாதப்பன் அங்கேயே நின்றார். அப்புறம் அடுத்த வீட்டுக்குப் போனார்.

மத்தியானம் திரும்பிவந்து களியும் கீரை மசியலும் சாப்பிட்டார்.

“நாலு வூட்டுல சரின்னுட்டாங்க. கோடி வூட்டு ராணியம்மா நம்பாம சிரிச்சா. குள்ளக்கா பேசல.”

“பேசுவாங்க.”

“பேசலன்னாலும் ஞாயந்தான்.”

மறுநாள் இருவரும் டாக்டரிடம் போனார்கள். மனைவியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் மாதப்பன் கனிமொழியைப் பற்றித்தான் கேட்டார். “ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆயிடாதுங்கய்யா. இனிமே குடிக்காம இருந்தா போதும். செக்கப்புக்கு வரும்போது என்கிட்ட கூட்டிட்டு வாங்க” என்றாள் டாக்டர். பஸ் இறங்கி நேரே குள்ளம்மாள் வீட்டுக்குப் போய், அதை அப்படியே வெளியே நின்று சொன்னார். உள்ளே புளி தட்டுகிற சத்தம் ஒரு நிமிடம் நின்று மறுபடியும் கேட்டது.

உண்மை சொன்னதில் இன்னொன்றும் நடந்தது. இதுவரை மாட்டுக்கும் பாத்திரத்துக்கும் பிடித்த ஒகேனக்கல் தண்ணீருக்கு இப்போது பெரிய வரிசை. தண்ணீர் வருவது ஒரு மணிநேரம். முன்னால் வைத்த குடத்துக்கு முன்னால் கிடைக்கும். சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு மாதப்பன் வருகிறபோது அவர் குடம்தான் கடைசி. எங்கள் பக்கம் ஆண்கள் குடத்தோடு குழாயடியில் நிற்கிற வழக்கமும் இல்லை. பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். இரண்டு முறை அவர் முறை வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாப்பாரப்பட்டிவரை போய்ப் பிடித்துவந்தார்.

மூன்றாம் முறை, “நானும் வரன்” என்றாள் ஜானகியம்மாள்.

“நூறடி நடக்கணும். முடியுமா?”

“நாலு எடத்துல நின்னு வரன். வூட்டுக்குள்ளயே எத்தன நாளு?”

அவர் தோளைப் பிடித்து, நின்று நின்று வந்து, குழாய்க்கு எதிரே இருந்த பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தாள். வலி இருந்தது. ஆனால் விரல் மதமதப்பு கொஞ்சம் விட்டிருந்தது போலவும் இருந்தது. அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. நிச்சயமாகத் தெரிந்த பிறகு சொல்லலாம் என்றிருந்தாள். இனிமேல் பாதி உண்மை வேண்டாம்.

பச்சை, நீலம், மஞ்சள் என்று பதினான்கு குடங்கள் வரிசையாக நின்றன. முதல் குடம் குள்ளம்மாளுடையது. மாதப்பன் தன் குடத்தைக் கடைசியில் வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், கரட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏ தம்பி.”

பதினைந்து நாளுக்கு அப்புறம் கேட்கிற குரல். அவர் திரும்பினார்.

“அங்க என்னா வானத்துல வேடிக்க பாக்கற? கொடத்தக் கொண்டா.” குள்ளம்மாள் தன் குடத்தைக் காலால் பின்னுக்குத் தள்ளினாள். “இங்க வையி.”

“ஆம்பளைக்கு மட்டும் மொத எடமா? இது எந்த ஊரு ஞாயம்?” என்றாள் ராணியம்மாள்.

“ஆம்பளைக்கு இல்லடி. அவளுக்கு.” குள்ளம்மாள் பாலத்துப் பக்கம் தாடையைக் காட்டினாள். “இனிமே மொதக் கொடம் ஜானகியோடது. ரெண்டாங்கொடம் எம் மருமவளுது. அதுக்கப்பறம் யாரு வேணும்னாலும் அடிச்சிக்கங்க.”

யாரும் அடித்துக்கொள்ளவில்லை. ராணியம்மாள்தான் முதலில் குனிந்து தன் குடத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினாள். பின்னால் இருந்தவையும் ஒவ்வொன்றாக நகர்ந்தன. மாதப்பன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசை நெடுக நடந்து முன்னால் வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“பேசாத. வெச்சிட்டுத் தள்ளி நில்லு” என்றாள் குள்ளம்மாள். “காச்சறதுன்னா கொதி வந்ததும் எறக்கிரு. பக்கத்துல குந்திக்கிட்டு பூச பண்ணிக்கிட்டு இருந்த, குண்டானத் தூக்கிக் கரட்டுல போட்டுருவன்.”

பாலத்தில் உட்கார்ந்திருந்த ஜானகியம்மாள் சிரித்தாள். சிரித்தபோது முதுகில் சுரீரென்று வலித்தது. ஆனாலும் சிரித்தாள்.

குழாய் இரண்டு முறை இருமியது. முதலில் வெறும் காற்று வந்தது. அப்புறம் தண்ணீர் வந்தது. மாதப்பன் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு சொட்டு வெளியே போகாமல் குடத்தின் வாயைக் குழாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.